ஊட்டும் கைகள் பல

நாய், பூனை முதலிய செல்லப் பிராணிகளின் நலம் குறித்து இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் அண்மைக் காலத்தில் மிகுந்துள்ளன. ஊரில் நம் பெற்றோர் காலத்தில் நாய் என்பது திண்ணைக்கு அப்பால் வாழ்ந்த பிராணி. எஞ்சிய சோற்றை உண்ணும், தெருக்கோடி வரை ஓடும், இரவில் குரைக்கும். இன்று மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் வாழும் நம் குடும்பங்களில் அது நம் கட்டிலருகே உறங்குகிறது. நாம் உண்ண அமர்ந்தால் அதுவும் எதிரே வந்து அமர்ந்து நம் முகத்தையே நோக்குகிறது. அந்நோக்கை எதிர்த்து நிற்க வல்லார் சிலரே.

கடிதங்களில் காணும் முறையீடுகள் பெரும்பாலும் இரண்டு. ‘ஓயாமல் சொறிந்துகொள்கிறது’ என்பது ஒன்று. ‘மிகவும் பருத்துவிட்டது’ என்பது மற்றொன்று. முன்னதை எழுதுவோர் கவலையோடு எழுதுகின்றனர். பின்னதை எழுதுவோரிடம் பாதிக் கவலையும் பாதிப் பெருமையும் கலந்திருக்கக் காண்கிறோம். இவ்விரண்டும் வெவ்வேறு துன்பங்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். தோற்றத்தில் வேறுதான், ஆயினும் ஒரே வீட்டில் ஒரே நாயிடம் இரண்டும் சேர்ந்து நிற்பதையும், ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றொன்றை வளர்ப்பதையும் அடிக்கடி காணலாம்.

செம்பூரிலிருந்து ஓர் அன்பர் எழுதிய கடிதம் இதற்குத் தக்க சான்று. அவர் இல்லத்தில் ஏழு வயதான லாப்ரடார் இன நாய் ஒன்று உள்ளது. இரண்டு வயது முதல் மழைக்காலந்தோறும் அதற்கு அரிப்பு. பாதங்களை நக்கி நக்கி மயிர் செம்பழுப்பாகிவிட்டது, காதுகளில் நாற்றம். அருகிலுள்ள வைத்தியர் ஓர் ஊசி போட்டால் இருபது நாள் அடங்கும். பிறகு மீண்டும் தொடங்கும். இப்பொழுது எடை 41 கிலோ. மாடிப்படி ஏற மறுக்கிறது. “எங்கள் வீடு சுத்த சைவம். நாளுக்கு இரண்டு வேளைதான் அளவாகச் சோறு வைக்கிறோம். காற்றைக் குடித்துப் பருக்கிறது போலும்” என்று முடித்திருக்கிறார். காற்றினால் எந்த நாயும் பருப்பதில்லை. அதனைப் பின்னர்க் காண்போம், முதலில் அரிப்பு.

அலர்ஜி எனப்படும் ஒவ்வாமை மனிதருக்கு வந்தால் தும்மலும் மூக்கொழுகலும் காண்பது இயல்பு. நாய்க்கோ அது பெரும்பாலும் தோலிலேயே வெளிப்படும். ஆதலால் எங்கே அரிக்கிறது என்பதை உற்று நோக்குதல் பாதி நோயை அறிந்ததற்கு ஒப்பாகும். வாலின் அடிப்புறமும் இடுப்பின் மேற்பகுதியும் பின்தொடைகளும் அரித்தால் தெள்ளுப்பூச்சியின் மேல் ஐயங்கொள்ள வேண்டும். பாதங்கள், முகம், காதுகள், அக்குள், அடிவயிறு இவை அரித்து, அத்துன்பம் ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையே தொடங்கியிருந்தால், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகள், மகரந்தம், பூஞ்சை முதலிய சுற்றுப்புறப் பொருள்கள் காரணமாக இருக்கக்கூடும். மும்பையின் ஈர மாதங்களில் சிற்றுண்ணியும் பூஞ்சையும் செழிக்கும்; செம்பூர் நாய்க்கு மழைக்காலத்தில் நோய் மிகுவது இதனோடு பொருந்துகிறது. உணவினால் வரும் ஒவ்வாமையும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் அரிக்கும். ஆனால் அது பருவம் பார்ப்பதில்லை, ஆண்டு முழுவதும் நிற்கும். சில நாய்களுக்கு அதனுடன் வயிற்றுப்போக்கும் அடிக்கடி மலங்கழித்தலும் சேர்ந்திருக்கும்.

பூனையின் வழி வேறு. அது நம் கண்ணெதிரே சொறியாது; மறைவிடத்தில் அமர்ந்து வயிற்றையும் தொடையையும் நக்கியே மயிரைப் போக்கிவிடும். தலையிலும் கழுத்திலும் நகத்தால் கீறிய புண்களும், முதுகைத் தடவினால் கைக்குத் தட்டுப்படும் சிறு பொருக்குகளும் ஒவ்வாமைக்கு அறிகுறிகளாம். ‘என் பூனை மிகவும் சுத்தம், ஓயாமல் நக்கிக்கொள்ளும்’ என்று மகிழ்வோர் அதன் வயிற்றைத் திருப்பிப் பார்ப்பது நன்று.

மூன்றாவது மாடியில் வாழும் நாய்க்குத் தெள்ளு ஏது என்று கேட்பார் உண்டு. மின்தூக்கியிலும் பூங்காவிலும் பிற நாய்களோடு பழகும் பிராணிக்கு அது வருவதில் வியப்பில்லை. தெள்ளின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடிகளே பல நாள் அரிப்புக்குப் போதும். பூச்சி கண்ணில் படாமலே போகலாம். இதனை அறிய எளிய உபாயம் உண்டு. ஈரப்படுத்திய வெள்ளைக் காகிதத்தின் மேல் நாயை நிறுத்தி இடுப்புப் பகுதியை நன்கு வாருங்கள். உதிரும் கரும்பொடி ஈரத்தில் கரைந்து செம்பழுப்பாகப் படர்ந்தால், அது தெள்ளின் கழிவு. அச்சிவப்பு நாயின் இரத்தமே. இதற்கு மருந்து போடும்போது வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒருங்கே போடவேண்டும். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். ஏனெனில் முட்டையும் புழுவும் கூடுமாகத் தெள்ளின் பெரும்பகுதி நாயின் மேல் இராது. வீட்டின் மூலைகளிலேயே இருக்கும். ஓர் எச்சரிக்கை: நாய்க்கென விற்கும் சில பூச்சி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குப் போடலாகாது.

அரிப்பெல்லாம் ஒவ்வாமையாகிவிடாது. சொறிப்பூச்சியாலும் படர்தாமரையாலும் அரிக்கலாம். இவை வீட்டாருக்கும் தொற்றும் இயல்பின. நாய் சொறியும் காலத்தில் குழந்தையின் கையிலும் தடிப்புக் கண்டால் இருவரையும் அவரவர் மருத்துவரிடம் காட்டுக. தேனீயோ குளவியோ கொட்டி, முகம் திடீரென வீங்கி, வாந்தியும் தளர்ச்சியும் காணுமாயின் அது அவசரம். மாலை வரை காத்திராமல் உடனே கொண்டு செல்ல வேண்டும்.

இவ்விடத்தில் நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவும் வழக்கம் நம்மவரிடையே பரவலாக உண்டு. மனிதன் தடவியதை நக்குவதில்லை. நாயும் பூனையும் நக்கும். கற்பூரம் அவற்றின் வயிற்றுள் சென்றால் வலிப்பு வரை கொண்டுபோய் விடும். தரை துடைக்கும் கிருமிநாசினியைக் குளிக்கும் நீரில் கலப்பதும் அவ்வாறே தீங்கு. பூனைக்கு மிகவும் தீங்கு. நமக்குத் தலைவலிக்கு உள்ள பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அரிக்கும் பிராணிக்கு உடனடியாக நாம் செய்யத்தக்கது குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவதும், வெளியே சென்று வந்ததும் பாதங்களை ஈரத்துணியால் துடைத்து விரலிடுக்கு உலரச் செய்வதுமே.

இனி உணவு. நாய்க்கு அரித்தால் வீட்டார் முதலில் ஐயுறுவது உணவையே. அதிலும் பழி கோழிக்கறியின் மேல் விழும். உண்மையில் தெள்ளும் சுற்றுப்புறமும் காரணமாவதே மிகுதி. உணவு காரணமாவது அவற்றிலும் குறைவு. உணவால் வருவனவற்றுள் நாய்களுக்கு மாட்டிறைச்சி, பால்பொருள், கோழிக்கறி, கோதுமை ஆகியவை முன்னிற்பதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். இந்நிரலில் இரண்டாவதைச் சைவக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். ‘நாங்கள் தயிர்ச்சாதந்தான் போடுகிறோம், அதனால் அலர்ஜி வராது’ என்பது சரியன்று. தயிரும் பனீரும் சப்பாத்தியும் பட்டியலில் உள்ளனவே. ஒவ்வாமை அயலான பொருளால் வருவதன்று. நெடுநாள் பழகிய பொருளாலேயே வருவது. ஐந்தாண்டு தின்ற உணவு ஆறாம் ஆண்டில் ஒவ்வாமற் போகலாம். பால் குடித்தவுடன் பூனைக்கு வயிறு கழிவது இதனின் வேறு. பாலிலுள்ள சர்க்கரை செரியாமையே அதற்குக் காரணம்; அரிப்போடு அதற்குத் தொடர்பில்லை.

உணவொவ்வாமையை உறுதியாக அறிய இரத்தத்தையோ மயிரையோ உமிழ்நீரையோ அனுப்பிச் சோதிப்பதால் பயனில்லை; அவற்றின் முடிவுகள் நம்பத்தக்கன அல்ல. வழி ஒன்றே உளது. இதுகாறும் அப்பிராணி உண்டிராத ஒரு புரத உணவையோ, புரதத்தை மிக நுண்ணிய துணுக்குகளாகச் சிதைத்துச் செய்த மருத்துவ உணவையோ கால்நடை மருத்துவர் தேர்ந்து கொடுப்பார். எட்டு வாரம் அதனையன்றி வேறெதுவும் கொடுத்தலாகாது. அரிப்புத் தணிந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சில நாட்களிலோ இரண்டு வாரத்திற்குள்ளோ அரிப்புத் திரும்புமாயின் பகைவன் அகப்பட்டான் என்று கொள்ளலாம். அரிப்புத் தணிந்ததும் சோதனை முடிந்ததென்று நிறுத்திவிடுவோர் பலர். பருவம் மாறியதாலும் அரிப்புத் தணியக்கூடும் ஆதலின், பழைய உணவைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கும் அப்படியே சோதனையின் உயிர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்சோதனை நம் இல்லங்களில் பெரும்பாலும் ஆறாம் நாளே முறிந்துவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியார், ‘பாவம், வாயில்லா ஜீவன், அரை இட்லியில் என்ன ஆகிவிடப் போகிறது’ என்பார். அரை இட்லியில் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம்; அதன் மேல் ஊற்றிய நெய்யிலும் தயிரிலும் ஆகும். இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரை ஒன்றுகூட எட்டு வாரத்தைக் கெடுத்துவிடும். ஒரு குடும்பத்தில் ஐவர் இருந்து நால்வர் நோன்பைக் காத்து ஒருவர் தவறினால், நால்வரின் உழைப்பும் வீண். நாயும் அந்த ஐந்தாமவர் யார் என்பதை இரண்டே நாளில் கண்டுகொள்ளும்.

சோதனை முறிந்தபின் எஞ்சுவது ஊசி. செம்பூர் நாய்க்குப் போட்ட ஊசி ஸ்டீராய்டு வகையினதாக இருக்கலாம் என்பது, இருபது நாள் அடங்கி மீளும் தன்மையால் புலப்படுகிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அன்று. நாய் தன் தோலைத் தானே கிழித்துக்கொள்ளும் வேளையில் அதைப் போல் விரைந்து உதவுவது அரிது. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மூன்று விளைவுகள் நிச்சயம்: தாகம் மிகும்; சிறுநீர் மிகும்; பசி மிகும். பசியால் கெஞ்சும் நாயைக் கண்டு வீட்டார் மேலும் ஊட்டுவர். உடல் பருத்ததும் தோல் மடிப்புகள் ஆழமாகும். மும்பை ஈரத்தில் அம்மடிப்புகளுள் ஈஸ்ட் என்னும் பூஞ்சை வளர்ந்து நாற்றமும் புதிய அரிப்பும் தரும். அவ்வரிப்புக்கு மீண்டும் ஊசி. இவ்வாறு சுழலும் சக்கரத்தில் அகப்பட்டே ஏழு வயதில் அந்நாய் படியேற மறுக்கிறது.

இப்பொழுது ஆக்லாசிடினிப் போன்ற, ஸ்டீராய்டு அல்லாத மாத்திரைகளும் உள்ளன, விலை கூடுதல். எப்பொருளால் ஒவ்வாமை என்று தோலில் சோதித்தறிந்து, அப்பொருளையே சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. சுற்றுப்புற ஒவ்வாமை ஒரேயடியாகத் தீரும் நோயன்று. அடக்கி ஆளவேண்டிய நோய். ‘ஒரே ஊசியில் குணம்’ என்பாரை நம்புவதினும், காதையும் தோலையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்பே மருந்தெழுதும் மருத்துவரை நாடுதல் நலம். மும்பை அன்பர்களுக்குப் பரேலிலும், கொல்கத்தா அன்பர்களுக்குப் பெல்காச்சியாவிலும், பெங்களூர் அன்பர்களுக்கு ஹெப்பாலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன என்பதை நினைவூட்டுகிறோம். நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்ட பிராணிக்கு அதனைத் திடீரென நிறுத்தலாகாது. படிப்படியாகக் குறைக்கும் கணக்கை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இனிப் பருமன். நாய் பருத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முயலாதீர்கள். நாள்தோறும் காணும் உருவம் நம் கண்ணை ஏமாற்றும். அடர்ந்த மயிரும் ஏமாற்றும். கையால் அறியுங்கள். உங்கள் இடக்கையை விரித்து, புறங்கையில் விரல்களின் எலும்புகளை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்புகள் தடவுகையில் அவ்வாறு தட்டுப்பட்டால் உடல் அளவாக இருக்கிறது. உள்ளங்கைப்புறம் தடவுவது போல் சதையினுள் புதைந்திருந்தால் பருமன். கையை முட்டியாக மடக்கிய போது மேடாக நிற்கும் கணுக்களைப் போல் துருத்தி நின்றால் மெலிவு. மேலும் மேலிருந்து நோக்கினால் விலாவுக்குப் பின் இடை சுருங்க வேண்டும். பக்கத்தில் நின்று நோக்கினால் வயிறு பின்னோக்கி மேலேறிச் செல்ல வேண்டும். நம் ஊர்ப்பக்கத்துச் சிப்பிப்பாறை நாயை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அதன் விலாவை எண்ணலாம், வயிறோ முதுகோடு ஒட்டியிருக்கும். வேட்டை நாயின் இலக்கணம் அது. நகரத்துக்கு வந்தபின் நாம் அவ்விலக்கணத்தை மறந்து, உருண்டு திரண்டிருப்பதையே ‘நல்ல வளர்ப்பு’ என்று சொல்லத் தொடங்கினோம். எல்லா நாயும் சிப்பிப்பாறையைப் போல் ஒல்லியாக இருத்தல் வேண்டும் என்பதன்று. இடை இருந்த இடத்தில் இடை இருக்க வேண்டும் என்பதே.

அமெரிக்காவில் நாயுணவு நிறுவனம் ஒன்று நடத்தி 2002-இல் வெளியான ஆய்வை இங்குச் சொல்ல வேண்டும். ஒரே ஈற்றுக் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாகவே உணவு தந்தனர். மிகுதியாக உண்டவற்றின் நடுத்தர ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுவாதமும் பின்னவற்றுக்குக் காலந்தாழ்த்தியே வந்தது. உணவை விற்பவரே குறைத்துக் கொடுப்பதன் நன்மையை மெய்ப்பித்த ஆய்வு என்பதால் இதனை நம்பத் தயங்க வேண்டியதில்லை. நாயின் வாழ்வில் ஏறக்குறைய இரண்டாண்டு என்பது சிறிதன்று.

லாப்ரடார் வைத்திருப்போருக்கு மற்றொரு செய்தி. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர், இவ்வினத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்கு ‘போம்க்’ எனப்படும் மரபணுவில் ஒரு குறை உள்ளதைக் கண்டறிந்தனர். அத்தகைய நாய்க்கு உணவின் மேல் நாட்டம் மிகுதி. ஆகவே நாய் கெஞ்சுவது பசியின் அளவுகோல் அன்று. உண்ட ஐந்தாம் நிமிடத்தில் அது உங்களை நோக்கும் நோக்கு, மூன்று நாள் பட்டினி கிடந்ததன் நோக்கைப் போலவே இருக்கும்.

செம்பூர் அன்பருக்குத் தனியே ஒரு மறுமொழி எழுதி, அடுக்களைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரம் யார் யார் நாய்க்கு எதைக் கொடுத்தார்கள் என்று மறைக்காமல் குறிக்கச் சொன்னோம். அவர் நேர்மையாகக் குறித்து அனுப்பினார். காலை உலாவில் தேநீர்க் கடையருகே அவர் தாமே கொடுத்தது குளுகோஸ் பிஸ்கட் நான்கு. இல்லத்தரசியார், கல்லில் முதலில் வார்த்துப் பிய்ந்துபோன தோசை ஒன்று. மகள் பள்ளிக்குப் புறப்படுமுன் மேசையடியில் நீட்டியது வெண்ணெய் தடவிய ரொட்டியின் ஓரம். வீட்டு வேலைக்கு வரும் மராத்தி அம்மையார் தம் உணவுப் பொட்டலத்திலிருந்து அன்போடு ஈந்தது சப்பாத்தி இரண்டு. நண்பகலில் தாத்தா உண்டு முடிக்கையில் கடைசிக் கவளத் தயிர்ச்சாதம். இரவு மகன் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் பாலாடைக்கட்டித் துண்டு ஒன்று. இவர்களுள் ஒருவரும் பிறர் கொடுத்ததை அறியார். ஒவ்வொருவரும் ‘நான் சிறிதுதான் கொடுத்தேன்’ என்று சொன்னது உண்மையே.

கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 600 கலோரி ஆகிறது. அந்நாயின் தகுந்த எடை 30 கிலோ என்று கொண்டால், எடை குறைய வேண்டிய காலத்தில் அதற்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 1000 கலோரி. கணக்கு எளிது: தகுந்த எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வருவது அது. அதாவது அவர்கள் அளவாக வைத்த இரண்டு வேளைச் சோறும் தட்டில் விழுமுன்பே நாளின் தேவையில் பாதிக்கு மேல் நிரம்பிவிடுகிறது. சிறு நாய்க்கு இக்கணக்கு இன்னும் கடுமை. எட்டுக் கிலோ எடையுள்ள பக் நாய்க்கு நான்கு பிஸ்கட்டே ஒரு வேளை உணவுக்கு நெருங்கிவரும். ஒரு தேக்கரண்டி நெய் ஏறத்தாழ 45 கலோரி. கருத்தடை அறுவை செய்த பிராணிக்குத் தேவை மேலும் குறைகிறது. ஆனால் நாம் அறுவைக்குப் பிறகு இரக்கப்பட்டுக் கூட்டிவிடுகிறோம். பழக்குவதற்கும் கொஞ்சுவதற்கும் கொடுக்கும் தின்பண்டமெல்லாம் சேர்ந்து நாளின் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மருத்துவர் பொதுவாகச் சொல்லும் வரம்பு. வெள்ளரித்துண்டு, அவித்த பீன்ஸ், கேரட் ஆகியவை அப்பங்கைக் குறைந்த செலவில் நிரப்பும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சாம்பாரும், பாயசத்திலுள்ள உலர்ந்த திராட்சையும் பருமனுக்காக அன்றி நஞ்சென்றே விலக்கத்தக்கவை.

எடையைக் குறைக்கும்போது அவசரம் கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு குறைந்தால் போதும். செம்பூர் நாய்க்கு வாரம் 400 கிராம் என்று தொடங்கினால் 30 கிலோவை எட்ட ஏழெட்டுத் திங்கள் ஆகும். வீட்டு உணவை வெறுமனே பாதியாக்கினால் புரதமும் தாதுக்களும் உடன் குறைந்துவிடும். எதைக் குறைப்பது, எதை வைத்திருப்பது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குக. உணவைக் குறைத்தும் எடை குறையாமல், சோம்பலும் மயிருதிர்தலும் காணுமாயின் தைராய்டு சுரப்பின் குறையாக இருக்கலாம். இரத்தச் சோதனையில் தெரியும். வயிறு மட்டும் தொங்கிப் புடைத்திருப்பது கொழுப்பாகவே இருக்க வேண்டுமென்பதுமில்லை. நீர்க்கோப்பும் குட்டிகளிடத்தில் குடற்புழுவும் அவ்வாறு காட்டும்.

பருத்த நாயை ஒரே நாளில் ஓடவைத்துச் சரிசெய்ய எண்ணுவது பெரும்பிழை. மூட்டுகள் தாங்கா. அதிலும் தில்லி, நாகபுரி போன்ற இடங்களில் சித்திரை வைகாசி வெயிலில், மூக்குச் சப்பையான பக் முதலிய இனங்கள் மூச்சுத் திணறி மாண்டே போகும். விளம்பரத்தில் அழகாக இருக்கிறதென்று அவ்வினத்தை வாங்கி, அதன் குறட்டையைக் கண்டு மகிழும் நம் வழக்கம் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடன்று. வைகறையிலும் இரவிலும் பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

பூனையின் திறத்தில் இன்னும் கவனம் வேண்டும். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமலிருந்தால் கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே பட்டினி போடுதல் கூடவே கூடாது. அளவான உணவைப் பல சிறு பங்குகளாக்கி வெவ்வேறு இடத்தில் வைத்தால் தேடியுண்ணும் முயற்சியே அதற்கு நடையாகும். பூனை இறைச்சி உண்டே வாழும் பிறவி என்பதையும் சைவ அன்பர்கள் ஏற்றுத்தான் ஆகவேண்டும். நாயைத் தகுந்த திட்டத்துடன் சைவ உணவில் வளர்க்கலாம். பூனையைத் தயிர்ச்சாதத்தில் வளர்க்க இயலாது.

அரிப்புச் சோதனையாயினும் எடைக் குறைப்பாயினும் வீட்டில் எல்லோரும் ஒன்றுபட்டாலன்றி நடவாது. ஆனால் ‘இனி யாரும் கொடுக்கக் கூடாது’ என்று ஆணையிட்டால் அது மறைவில் மீறப்படும். முதியவர் மனமும் புண்படும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் மொழி தெரியாத ஊரில், நான்கு சுவருக்குள் பகல் முழுவதும் இருக்கும் தாத்தாவுக்கு அந்நாய்தான் துணை. அவர் கவளம் நீட்டுவது அத்துணையோடு பேசும் பேச்சு. அதனைத் தடுப்பது முறையன்று. கவளத்தில் இருப்பதை மாற்றுவதே முறை. காலையில் அன்றைய முழு உணவையும் நிறுத்து, அதிலிருந்து ஒரு பங்கை எவர்சில்வர் டப்பா ஒன்றில் இட்டுத் தாத்தாவிடமே கொடுத்துவிடுங்கள். யார் கொடுக்க விரும்பினாலும் அவரிடம் கேட்டு அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைய பங்கு முடிந்தது. பேத்தி கேட்டு வந்து நிற்பாள். வேலைக்கு வரும் அம்மையாரும் கேட்பார். கொடுக்கும் இன்பம் ஒருவருக்கும் குறையாது. நாய்க்கும் கைகள் குறையா. மருத்துவர் சோதனை உணவு விதித்துள்ள காலத்தில் அவ்வுணவையே அந்த டப்பாவில் இடலாம்.

எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைத் தராசிலே பார்த்து, சமையலறை நாட்காட்டியில் எழுதி வாருங்கள். சிறு பிராணியாயின் அதனைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் நின்று, பின் தனியே நின்று, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் போதும். அரிப்பையும் அதே நாட்காட்டியில் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டுக் குறித்தால், மருந்தால் தணிந்ததா, பருவத்தால் தணிந்ததா என்பது ஓராண்டில் விளங்கும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் பிராணியை அண்டை வீட்டாரிடம் விட்டுச் செல்வது வழக்கம். ஏழு திங்களில் குறைந்தது மூன்று வாரப் பராட்டாவில் திரும்பிவிடக்கூடும். ஆகையால் நாளுக்கு ஒன்றாக உணவை அளந்து பொட்டலங் கட்டி, எதைக் கொடுக்கலாகாது என்பதை அவர்கள் படிக்கக்கூடிய இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ பெரிய எழுத்தில் எழுதி, மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, அவர்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவிலே ஒட்டிவிட்டு வண்டியேறுங்கள்.